தட்டில் மிஞ்சிய கடைசி பிஸ்கட்

வெள்ளிக்கிழமை சாயங்காலத் தேநீரின்போது தட்டில் ஒரு இஞ்சி பிஸ்கட் மிஞ்சும். எத்தனை அடுக்கி வைத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆப்ரி தட்டை வினிஃப்ரெட் பக்கம் நகர்த்துவார். வினிஃப்ரெட் அதைத் திரும்ப ஆப்ரி பக்கம் நகர்த்துவார்.

"இல்ல இல்ல, நீங்க எடுத்துக்கங்க."

"ஐயோ, எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு. நீங்கதான் எடுத்துக்கணும்."

"நான் ஏற்கெனவே என் பங்குக்கு மேலயே சாப்பிட்டுட்டேன்."

இப்படியே தட்டு மேஜையின் குறுக்கே போய்ப் போய் வரும். இரண்டு பேருக்கும் அந்த பிஸ்கட் மேல் ஆசைதான். கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எடுக்க மாட்டார்கள். மணி ஐந்து ஆனதும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சனி, ஞாயிறு முழுக்க அது அங்கேயே கிடந்து நமுத்துப்போகும். திங்கட்கிழமை காலை நான் வந்து அதை நொறுக்கி ஜன்னல் வழியாகக் குருவிக்குப் போடுவேன். தட்டைக் கழுவி வைப்பேன். பிஸ்கட் எங்கே போகிறது என்று இரண்டு பேரில் ஒருவராவது ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா என்றால், இல்லை.

எனக்கு இந்தப் பவிசெல்லாம் ஆகாது. நான் வடக்கே யார்க்‌ஷயர்க்காரி. ஹாலிஃபாக்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் பிஸ்கட் வேண்டுமென்றால் எடுப்போம், வேண்டாமென்றால் வேண்டாம் என்போம். கிளிஃபர்டைக் கட்டிக்கொண்டு இந்த ஈலி ஊருக்கு வந்த நாளிலிருந்து இவர்களுடைய அடக்கத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக் கடித்தே எனக்குப் பல் தேய்ந்துவிட்டது.

எங்களுடையது அகராதி தயாரிக்கிற இடம். பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஒரு காலத்தில் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். ஆப்ரி டில்லட்டும் வினிஃப்ரெட் கோல் அம்மாளும் சொற்களின் வேரைத் தோண்டுகிறவர்கள். ஒரு வார்த்தை எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் என்னவெல்லாம் ஆனது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. மற்றதெல்லாம் என் வேலை. அவர்கள் கிறுக்கியதை ஒழுங்கான பிரதியாக்குவது, ஒரு சொல்லுக்குக் கீழே சொன்னது இன்னொன்றுக்குக் கீழே இடிக்காமல் பார்ப்பது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது, ஒழுகுகிற கூரைக்கு ஆள் பிடிப்பது. நான் இரண்டு வாரம் ஜலதோஷத்தில் படுத்துவிட்டு வந்தபோது, கே எழுத்துக்குள்ளே எம் எழுத்துப் பக்கங்கள் போய் உட்கார்ந்திருந்தன. "ஏதோ கொஞ்சம் கலந்துபோச்சு போல" என்றார் ஆப்ரி.

அந்த வசந்தத்தில் எங்களை ஒரு ஹாலந்துக் கம்பெனி வாங்கியது. புது முதலாளி போஸ்மா என்பவர் புதன்கிழமை நேரில் வருகிறார், மூன்று பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும், அதை அன்றைக்கே முடிவு செய்வார் என்று செய்தி வந்தது.

எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். கிளிஃபர்ட் முதுகெலும்பு போய் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் நான் இல்லாமல் அந்தப் புத்தகம் அச்சகத்தின் வாசலைக்கூடத் தாண்டாது. அது கண் உள்ள எவனுக்கும் தெரியும் என்று நினைத்தேன். என் பயமெல்லாம் இந்த இரண்டு பேரையும் பற்றித்தான். ஆப்ரிக்கு அந்த மேல்மாடியை விட்டால் போக்கிடம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நாய்கூட வளர்க்கவில்லை. வினிஃப்ரெட்டும் அப்படியே. யாராவது உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்று சொல்லி வேலையைத் தாரை வார்த்துவிட்டு வருகிற ஜென்மங்கள்.

அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருவரையும் எதிரே உட்காரவைத்தேன்.

"ஆப்ரி, நான்தான் போஸ்மா. சரியா? இப்ப கேக்கறேன். மிஸ்டர் டில்லட், நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நானா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா... எதையாவது கிளறிக்கிட்டு இருப்பேன்."

"கடவுளே! கிளறுறதுக்கு நீங்க என்ன கோழியா? போன குளிர்காலம் முழுக்க ஒரு வார்த்தைக்காக உக்காந்தீங்களே, அதைச் சொல்லுங்க."

அந்த வார்த்தை 'டிஃபிடெண்ட்'. நான்கு பேர் நடுவில் வாயைத் திறக்கத் தயங்குகிறவரை, தன்னால் முடியும் என்று தனக்கே தோன்றாதவரை, எங்கள் மொழியில் அப்படிச் சொல்வோம். அடக்கமானவர் என்று பாராட்டாகவும் சொல்லலாம், பாவம் என்றும் சொல்லலாம். அதன் கதையை ஆரம்பித்ததும் ஆப்ரியின் முகம் மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது.

"லத்தீன்ல நம்பறதுக்கு ஒரு சொல் இருக்கு, டொரீன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஒட்டு. சேர்த்தா நம்பிக்கை இல்லாதவன்னு ஆகும். ஆனா யார் மேல நம்பிக்கை இல்லாதவன்? அதான் விஷயம். முதல்ல இது அடக்கமே கிடையாது. சந்தேகப்பிராணி! ராஜா மந்திரியை நம்ப மாட்டான், பிரபு வேலைக்காரனை நம்ப மாட்டான், அவனுக்குத்தான் இந்தப் பேரு. அடுத்தவனை நம்பாதவன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்தச் சந்தேகம் உள்பக்கம் திரும்புது. கடைசில தன்னையே நம்பாதவன்னு ஆயிடுது. கர்வம் பிடிச்ச வார்த்தை எப்படிப் பூனைக்குட்டி ஆச்சு பாருங்க! அது திரும்பின இடம் எதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாம இருந்தது. அச்சாகாத பழைய பிரசங்கக் கட்டு ஒண்ணுல..."

"ஆங்! அதுல?"

"அதுல கிடைச்சது."

"யாருக்குக் கிடைச்சது?"

"கிடைச்சது" என்றார் மறுபடி. காது சிவந்துவிட்டது.

"நான் கண்டுபிடிச்சேன். சொல்லுங்க. நான். கண்டு. பிடிச்சேன்."

வாயைத் திறந்தார். 'நா' வரைக்கும் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மையில அந்தக் கட்டு இருக்கற இடத்தைச் சொன்னது வினிஃப்ரெட்" என்றார்.

"சேச்சே, நான் என்ன சொன்னேன்? அலமாரியைக் காட்டினேன். உக்காந்து படிச்சது ஆப்ரி" என்றார் வினிஃப்ரெட்.

"அலமாரி தெரியலன்னா எங்க படிக்கறது?"

"நீங்க சொல்றது முழுக்க சரி. ஆனா ஒரு சின்ன திருத்தம்..."

'முழுக்க சரி' என்று இவர்கள் சொன்னால் முழுக்கத் தப்பு என்று அர்த்தம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து மணி வரை கரடியாய்க் கத்தியும் இரண்டு பேர் வாயிலிருந்தும் 'நான்' என்ற சொல்லைப் பிடுங்க முடியவில்லை.

புதன்கிழமை போஸ்மா வந்தார். நெடுநெடுவென்று ஓர் ஆள். கையில் அவரே கட்டிக்கொண்டு வந்த சீஸ் சாண்ட்விச். கெட்டவர் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசினார், நடிப்பே இல்லை. எல்லோருக்கும் தேநீர் வைத்தேன். பிஸ்கட் வைத்தேன். பேச்சுவாக்கில் தட்டில் ஒன்று மிஞ்சியது. போஸ்மா கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆப்ரி ஜன்னலைப் பார்த்தார். வினிஃப்ரெட் தன் செருப்பைப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முன் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். தும்மினாலும் கேட்கும்.

முதலில் ஆப்ரி. "எல்லாமே வினிஃப்ரெட்தான் சார். நான் கூடமாட இருக்கேன், அவ்வளவுதான்."

அடுத்து வினிஃப்ரெட். "ஆப்ரிக்குத்தான் மூளை. நான் எங்கயாவது காற்புள்ளி விட்டுப்போச்சான்னு பாப்பேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காருவதற்குள் சொன்னார்:

"மிஸஸ் சக்டன், எனக்கு ஆச்சரியமா இருக்கு. ரெண்டு பேருமே தாங்க ஒண்ணும் பெரிசா செய்யறதில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. ரொம்ப நேர்மை. ஒருத்தரை அனுப்பணும்னுதான் வந்தேன். இப்ப பாத்தா ரெண்டு பேரையும் அனுப்பிடலாம் போல."

எனக்கு ரத்தம் கொதித்தது.

"மிஸ்டர் போஸ்மா, நீங்க அவங்க சொன்னதை நம்பிட்டீங்களா?"

"பொய் சொன்னாங்களா?"

"பொய் இல்ல. அது... அது மரியாதை! நான் ஒண்ணுமில்லன்னு அவர் சொல்வாரு. அட, நீங்க எவ்வளவு பெரிய ஆளுன்னு நாம சொல்லணும். சின்னப் பசங்க ஆடற ஏத்தப்பலகை மாதிரி. இந்தப் பக்கம் ஒருத்தர் கீழ இறங்கினா அந்தப் பக்கம் இருக்கறவர்தான் அவரை மேல தூக்கணும். நீங்க தூக்காம எழுந்து போயிட்டா அவர் தரையிலதான் கிடப்பாரு!"

"எங்க ஊர்ல ஒருத்தன் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அவனுக்குத் தெரியாது."

"எங்க ஊர்ல தெரியாதுன்னு சொன்னா அவன் அதைப் பத்திப் புத்தகம் எழுதியிருக்கான்னு அர்த்தம்!"

அப்புறம் கொட்டினேன். ஆப்ரி எத்தனை பாஷை படித்தவர், வினிஃப்ரெட் ஒரு சொல்லை மோந்து பார்த்தே எந்த நூற்றாண்டு என்று சொல்லக்கூடியவர், எந்தெந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இவர்களுக்குச் சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள், எல்லாம் சொன்னேன். டிஃபிடெண்ட் கதையையும் சொன்னேன். அடுத்தவனை நம்பாத வார்த்தை தன்னை நம்பாத வார்த்தையாக மாறிய கதையைக் கேட்டதும் போஸ்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அருமை. இதைக் கண்டுபிடிச்சது அவரா?"

"அவர்தான். அலமாரியைக் காட்டினது அந்தம்மா. கையையும் வாயையும் பிரிக்க முடியுமா? ரெண்டு பேரும் இருக்கணும்."

"சரி. ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார் போஸ்மா. அவ்வளவு சுலபம். நேராகச் சொன்னால் நேராக வாங்கிக்கொள்கிற மனிதர். தடுப்புக்கு அந்தப் பக்கம் வினிஃப்ரெட் மூச்சு விட்டது கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஹாலிஃபாக்ஸ் வாய்க்கு இவ்வளவு காலம் கழித்து ஒரு வேலை வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப நீங்க சொல்லுங்க, மிஸஸ் சக்டன். இங்க நீங்க என்ன செய்யறீங்க?"

அப்போது என் வாய் சொன்னதை என் காது கேட்டது.

"நானா? அட, நான் என்னத்தைச் செய்யறேன்? டீ போடுவேன். இவங்க இறைச்சு வெச்சதைக் கொஞ்சம் ஒதுங்கவைப்பேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அவர் அடுத்த வரியைச் சொல்வதற்கு! 'அட, நீங்க இல்லன்னா இங்க ஒரு துரும்பு அசையுமா' என்று யாராவது சொல்லாமல் இருந்ததே இல்லை. ஏற்றப்பலகையைப் பற்றி அவருக்கு இப்போதுதான் பாடம் எடுத்தவளே நான்தான். எடுத்த சூடு ஆறுவதற்குள் நானே போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து கீழே இறங்கிவிட்டேன்.

"நன்றி" என்றார் போஸ்மா. "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. நீங்களாவது நேரா பேசறவங்கன்னு எனக்கு முதல்லயே தெரிஞ்சுபோச்சு."

அதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாக்கியம் போதும். அடுத்தவர்களுக்காக அந்த வீடே அதிரக் கத்திய வாய்தான். எனக்கென்று வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது கதவு திறந்தது. ஆப்ரியும் வினிஃப்ரெட்டும் நின்றார்கள். கூப்பிடாமல் ஓர் அறைக்குள் அவர்கள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை.

"மன்னிக்கணும். காதுல விழுந்துடுச்சு. டொரீன் வந்து... டொரீன்..." அவர் என்னையும் பார்க்கவில்லை, போஸ்மாவையும் பார்க்கவில்லை. "அவ்வளவு மோசமில்ல."

"ஆமா" என்றார் வினிஃப்ரெட். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "கொஞ்சம் உபயோகமானவங்கன்னே சொல்லலாம்."

இவர்கள் பாஷையில் இது என்ன தெரியுமா? தேவாலய மணிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அடித்ததற்குச் சமம். இதற்கு மேல் இவர்களிடம் சொல்லே கிடையாது. அகராதியே எழுதுகிறார்கள், இருந்தும் கிடையாது. எனக்கு எழுந்துபோய் இருவரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதே சமயம் இரண்டு பேரையும் காதைப் பிடித்துத் திருகவேண்டும் போலவும் இருந்தது.

"புரியுது" என்றார் போஸ்மா, மிகவும் மரியாதையாக. "மோசமில்ல. கொஞ்சம் உபயோகம். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

வீட்டில் கிளிஃபர்ட் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ரெண்டு வாயில்லாப் பூச்சிங்கள்ல யாரு போறாங்க?"

"நான்."

"என்னது? நீ என்ன சொன்ன அந்தாளுகிட்ட?"

"டீ போடுவேன்னு சொன்னேன்."

"நீயா? போன கிறிஸ்துமஸ்ல பாதிரியாரையே உக்காருன்னு அதட்டினவ நீ!" அவன் சிரிக்க ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டே, செலவை மிச்சம் பிடிக்க அடுப்பின் தணலைக் குறைத்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவன்தான் போனைக் கையில் திணித்தான். ஹாலந்துக்குப் போட்டேன். போஸ்மாவே எடுத்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், மிஸ்டர் போஸ்மா. ஒண்ணும் பெரிய விஷயமில்ல..."

"பெரிய விஷயமில்லையா? நல்லது. நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன். கடிதம் போடுங்க."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். கிளிஃபர்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். என் மேஜையில் ஒரு சின்னத் தொட்டிச் செடி இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். ஆப்ரி வினிஃப்ரெட்டைப் பார்த்தார், வினிஃப்ரெட் ஆப்ரியைப் பார்த்தார். நல்லது, தானாக முளைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேநீர் வைத்தேன். அந்த வார முடிவில் எழுதி முடித்த சொல்லைச் சத்தமாகப் படிப்பது எங்கள் வழக்கம். ஆப்ரி எழுந்து நின்று டிஃபிடெண்ட் என்ற சொல்லைப் படித்தார். முதல் பொருள், பிறரை நம்பாத. இப்போது வழக்கில் இல்லை. இரண்டாம் பொருள், தன் தகுதியில் தனக்கே நம்பிக்கையற்ற, அடக்கமான. படித்துவிட்டு உட்காராமல் நின்றார். காது, கழுத்து, மொட்டைத்தலை வரைக்கும் சிவந்துவிட்டது.

"டொரீன்" என்றார். "இதை... இதை நான் கண்டுபிடிச்சேன்."

"சொல்லிட்டாரு!" என்று கத்திவிட்டேன். "இப்ப சொல்லுங்க! யாருக்கு வேணும் இப்ப? அன்னிக்கு மத்தியானம் பூரா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேனே, அப்ப எங்க போச்சு?"

"நீங்கதான் சொல்லச் சொன்னீங்க" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "உங்களுக்காக ஏதாவது செய்யணும்னு தோணுச்சு. வேற எதுவும் எனக்குத் தெரியல."

அதற்கு மேல் அவரை எப்படித் திட்டுவது? உட்கார்ந்து தேநீரைக் குடித்தோம். பிஸ்கட் ஒவ்வொன்றாகக் குறைந்தது. தட்டில் ஒன்று மிஞ்சியது.

ஆப்ரி தட்டை வினிஃப்ரெட் பக்கம் நகர்த்தவில்லை. வினிஃப்ரெட்டும் ஆப்ரி பக்கம் நகர்த்தவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வைத்து, தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

"டொரீன், நீங்க எடுத்துக்கங்க" என்றார் வினிஃப்ரெட்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கடைசி பிஸ்கட்டை யாரும் என்னிடம் நீட்டியதில்லை. அதை எடுத்துக் கடிக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"ஐயோ, எனக்கு எதுக்கு?" என்றேன். "நீங்க எடுத்துக்கங்க."

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மணி ஐந்து ஆனது. கோட்டை மாட்டிக்கொண்டேன், செடியை எடுத்துக்கொண்டேன், படியிறங்கிப் போனேன். பிஸ்கட் தட்டிலேயே இருந்தது. திங்கட்கிழமை அதை யாரும் குருவிக்குப் போடப்போவதில்லை. அப்படி ஒரு வேலை அங்கே இருந்தது என்பதே அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.